தார்ப்பாயின் மறுமுனை

1

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் கார் ரேடியோவில் வானிலை சொன்னார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வட்டாரத்தில் இடியுடன் மழை. திங்கட்கிழமையிலிருந்து சூடு தணிந்து குளுமையாக இருக்கும். சொன்ன பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு வாரமாக வெயிலில் வெந்து கிடந்த ஊருக்கு அது நல்ல செய்திதான்.

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

கனடாவில் இருக்கிறேன். அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒரு தொழிற்சாலை ஊர். கார் கதவுகளுக்கு அச்சு செய்கிற கம்பெனியில் டூல் ரூம் வேலை. சொந்த ஊர் ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற வழியில் உள்ளே தள்ளி. ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூரில் எண்ணெய்க் கறையோடு ஆறு வருஷம், மஸ்கட்டில் நாலு வருஷம், பிறகு இங்கே. இதைச் சாதனை என்று எழுத வரவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் பனியைப் பற்றியும் மேப்பிள் இலையைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு வருகிறது. நாலு வருஷத்துக்கு முன் இதே ஞாயிற்றுக்கிழமை என் தம்பி ஏழுமலை இடி விழுந்து செத்துப்போனான். அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று போலீசிடம் ஒரு பொய் சொன்னேன். அதே பொய்யைத்தான் அவன் மனைவி செல்வியிடமும் சொன்னேன். ஒவ்வொரு ஆனியிலும் இந்த வருஷம் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். போன் போடுவேன். "பாப்பா எப்படி இருக்கு, ஸ்கூலுக்குப் போவுதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

2

இந்த ஊர்க்காரர்கள் வானிலைச் செய்திக்கு அப்படிப் பயப்படுவார்கள். பயம்கூட இல்லை, கீழ்ப்படிவார்கள். அன்று மதியச் சாப்பாட்டு அறையில் பாதிப் பேர் வார இறுதித் திட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஒருவன் மகளின் பிறந்தநாள் விருந்தைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குள்ளே மாற்றினான். இன்னொருவன் படகை ஏரியிலிருந்து எடுத்துவிடச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்தான். தம்பி சரி என்று சொல்லியிருப்பான். இங்கே யாரும் வானிலை சொல்கிறவனைப் பற்றி "அவன் கெடக்குறான்" என்று சொல்வதில்லை.

எங்கள் கம்பெனி யார்டில் இரும்புத் தகடு இறக்கிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் இடிச் சத்தம் கேட்டால் ஹாரன் அடிப்பார்கள். எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை யாரும் வெளியே போகக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்து, புரிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நானும் போட்டேன். நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது என் காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடி என்றால் கால் தானாக உள்ளே ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கிழவர் ஜிம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். பின்பக்கம் மரத்தளம் போடப் பலகைகள் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். மழைக்கு முன் அதை மூட வேண்டும். கையில் நீலத் தார்ப்பாய்.

"அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?" என்றார்.

சாதாரண உதவி. குளிர்காலத்தில் என் வாசல் பனியைக் கேட்காமலே தள்ளிவிடுகிற மனிதர். நான் வேலியைத் தாண்டிப் போனேன். தார்ப்பாயின் முனையை என் பக்கம் வீசினார். அது என் காலடியில் வந்து விழுந்தது. குனிய முடியவில்லை. அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு, "உடம்பு சரியில்லையா?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுபது வயது மனிதர் தனியாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து மூடிக்கொண்டிருந்தார்.

என் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா ஆச்சு உங்களுக்கு? ஒரு கை புடிக்கக் கூடாதா?" என்றாள். அவளுக்கும் நான் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன்.

3

அந்த வருஷம் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நிலம் போய்விட்டது. கழனியைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். மனைக்கட்டும் பழைய ஓட்டு வீடும்தான் மிச்சம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். தம்பி அப்போது பக்கத்து உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தான். ஷிப்ட் முடித்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் செங்கல்லுக்குத் தண்ணீர் அடிப்பான். சுவர் முழுக்க எழும்பியது அவன் உழைப்பில். நான் செய்ததெல்லாம் போனில் யோசனை சொன்னதுதான்.

எங்கள் பக்கத்தில் தளம் போடும் நாள் ஒரு விசேஷம் மாதிரி. வீட்டுக்கு மூத்தவன் கையால்தான் முதல் சட்டி கான்கிரீட் கொட்ட வேண்டும். வேலைக்காரர்களுக்குப் பிரியாணி போட வேண்டும். மூத்தவன் நான். எனக்கு லீவு கோடையில் கம்பெனி மூடுகிற இரண்டு வாரம்தான். வந்து இறங்கி, தளத்தைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகை அடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அடுத்த ஞாயிறு ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் தளம் போட மாட்டார்கள். எனக்கும் வியாழக்கிழமை விமானம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்து வானிலை சொன்னான். வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றான். தம்பி செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"ணா, சனி ஞாயிறு மழன்றான். நாலு நாளா சாயங்காலமானா மேக்கால கருப்புக் கட்டிகினு வருது. வேணாம்ணா. ஆவணியில போட்டுக்கலாம்."

"ஆவணியில நான் எங்கடா இருப்பேன்?"

"நீ இல்லேன்னா இன்னா, வூடு ஓடியா பூடும்? மொத சட்டி வேணா நீ இப்பவே ஒண்ணு கொட்டிட்டுப் போ. நடு வூட்டுல. கல்லாட்டம் இறுகிக் கெடக்கும். வர்றவங்கோ போறவங்கோ எல்லாம் இடிச்சிகினு உன்னத் திட்டட்டும்."

செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் அப்படித்தான். எதையும் சண்டையாக்க மாட்டான். சிரிக்க வைத்தே காரியம் சாதிக்கப் பார்ப்பான்.

மேஸ்திரியும் இழுத்தார். "தம்பி சொல்றது நாயந்தாம்பா. போட்டு நாலஞ்சு மணி நேரம் காஞ்சாத்தான் தாங்கும். நடுவுல மழ அடிச்சிதுன்னா மேல இருக்கிற சிமெண்ட் பாலு கழுவிகினு பூடும்."

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "ஓரிரு இடங்களில்னுதான சொன்னான்? தமிழ்நாட்டுல எத்தினி இடம் கீது. கரெக்டா நம்ம வூட்டு மேலயா வந்து பேயப் போவுது? அவன் சொல்லி என்னிக்கு மழ வந்துது?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்தான். பிறகு, "சரி, உன் இஷ்டம்ணா" என்றான். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தான்.

இன்னொன்றும் உண்டு. பின்னால் மாடி எடுக்க வேண்டும் என்று எல்லாத் தூணிலும் கம்பியைத் தளத்துக்கு மேலே ஆள் உயரத்துக்கு நீட்டி விடச் சொன்னதும் நான்தான். எங்கள் வீட்டைச் சுற்றி முன்பு பனை மரங்கள் இருந்தன. இடி விழுந்தால் பனையில்தான் விழும். மனை போடுகிறேன் என்று வந்தவர்கள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அந்த வெட்டவெளியில் உயரமாக நின்றது எங்கள் வீட்டுக் கம்பிகள்தான். மாடி எடுக்கப் போகிற பெருமையில் நின்றன.

4

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் கலவை மெஷின் வந்துவிட்டது. நல்ல வெயில். தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு முதல் சட்டியை நான் கொட்டினேன். தம்பி கை தட்டினான். "பாரின் சட்டி! கெட்டியா நிக்கும்" என்றான். அவன் கம்பெனிப் பையன்கள் நாலு பேர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், ஞாயிற்றுக்கிழமையும் தூங்காமல் வந்து சட்டி தூக்கினார்கள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. வேப்பமரத்தடியில் பந்தி. மேஸ்திரிக்குப் படப்பையில் வேறு வேலை. கிளம்பும்போது தம்பியிடம், "மழ வந்தா ரெண்டு தார்ப்பாயும் போட்டு மூடிடுப்பா. ஓரத்துல பாரம் வை. இல்லேன்னா காத்து தூக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். செகண்ட் ஷிப்டுக்கு ஒருவன் ஓடினான்.

வீடு முடியும் வரை தங்கப் பின்பக்கம் போட்டிருந்த கொட்டகைக்குள் போய் நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

நாலு மணி இருக்கும். திடீரென்று வெளிச்சம் போய்விட்டது. புழுதியோடு காற்று. தம்பி வெளியிலிருந்து கத்தினான்: "ணா, வா வா!" சாரத்தில் கட்டிய ஏணியில் இரண்டு பேரும் ஏறினோம். கான்கிரீட் இன்னும் ஈரம். மேலே போட்டிருந்த பலகைமேல் நடந்தோம். கிழக்குப் பாதியை முதல் தார்ப்பாயால் மூடி, கம்பிகளில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். அதற்குள் பெரிய பெரிய தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தார்ப்பாயைப் பிரிக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது.

"அந்த மொனைய இழுத்துப் புடிணா. கல்லு வெச்சிடலாம்!" என்றான்.

முனை என் கையில் இருந்தது. அந்த நேரம் மின்னல் வெட்டியது. எண்ணி மூன்றுகூட ஆகவில்லை, இடி. என் கால் தானாகத் திரும்பியது. எங்கள் கம்பெனி ஹாரன் என் காதுக்குள் அடித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே அது சாக்கு மாதிரித்தான் படுகிறது. முனையை விட்டேன். "இறங்குடா, போதும், இறங்குடா" என்று கத்திக்கொண்டே ஏணியில் இறங்கினேன்.

"பாதி கீதுணா! நீ புடி, ஒரு நிமிஷம்!"

அவன் குரல் அதுதான் கடைசி. நான் சுவரோரம் போய் ஒட்டி நின்றேன். பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் பிறகு வந்ததா, சேர்ந்து வந்ததா தெரியாது. கண் தெளிந்தபோது தார்ப்பாய் பறந்துபோய்ப் பக்கத்து முள்வேலியில் சிக்கிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே அவன் இல்லாத மாதிரி ஒரு அமைதி.

அவன் மேலேதான் கிடந்தான்.

5

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்பெனி வேனில் கொண்டுபோனோம். பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார்.

"நீ எங்க இருந்த?"

"மேலதான் சார் இருந்தேன். தார்ப்பா மேல வைக்கக் கல்லு எடுக்க எறங்கினேன். அதுக்குள்ள..."

அதுதான் பொய். யோசித்துச் சொல்லவில்லை. "கல்லு வெச்சிடலாம்" என்று அவன் சொன்ன வார்த்தையே என் வாயில் வந்து நின்றது. அவர் அப்படியே எழுதினார். செல்வி பக்கத்தில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அழக்கூட இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் உடலைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினோம். மழை விட்டிருந்தது. சித்திரையிலிருந்து எரித்துக்கொண்டிருந்த வெயிலைக் காணவில்லை. காற்று ஜில்லென்று வந்தது. சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை விசிறிக்கொள்ளாமல் தோளில் போட்டபடி சொன்னார்: "நேத்து வரிக்கும் இன்னா வெயிலு! இன்னிக்கு உடம்புக்கு நல்லா கீதுபா." பக்கத்தில் இருந்தவரும் ஆமாம் என்றார். அவர்கள்மேல் தப்பில்லை. குளுமை எல்லோருக்கும் பொதுதானே. ஆனால் எழுந்து போய் இரண்டு பேர் கழுத்தையும் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஏனென்றால் எனக்கும் அந்தக் காற்று உடம்புக்கு நன்றாகத்தான் இருந்தது.

லீவை நீட்டிக்கச் சொல்லி எஸ்.டி.டி. பூத்திலிருந்து இங்கே கம்பெனிக்குப் போன் போட்டேன். "மை பிரதர் எக்ஸ்பயர்டு" என்றேன். நாம் அப்படித்தானே சொல்வோம். சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. "என்ன எக்ஸ்பயர் ஆச்சு? விசாவா?" என்று கேட்டான். பூத்துக்காரன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். செத்துப்போய்விட்டான், என் தம்பி செத்துப்போய்விட்டான் என்று ஆங்கிலத்தில் மூன்று தடவை கத்தினேன். அப்போதுதான் எனக்கே அது உறைத்தது.

கருமாதி முடியும் வரை இருந்தேன். அந்தத் தளத்தின் மேல் மறுபடி நான் ஏறவே இல்லை. மேஸ்திரிதான் வந்து ஏறிப் பார்த்தார். தினமும் தண்ணீர் கட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றார். இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மூடுன பாதி கண்ணாடியாட்டம் கீது. மூடாத பாதியில மேல் பாலெல்லாம் கழுவிகினு, ஜல்லி பல்லு இளிக்குது."

6

இரண்டு வருஷம் கழித்து இங்கே குடியுரிமைக்கு மனு போட்டேன். இந்த நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு தடவையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன காரணம் என்று எழுதச் சொல்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம். வீடு கட்ட என்று எழுதினேன். அதிலும் பாதிதான் உண்மை. நேர்காணலில் அதிகாரி அம்மாள் ஒருத்தி தாளைப் பார்த்துவிட்டு, "வீடு முடிந்ததா?" என்று அன்பாகக் கேட்டாள். முடிந்தது என்றேன். வாழ்த்துக்கள் என்றாள்.

அந்த வீட்டில்தான் செல்வி இருக்கிறாள். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ் சாலையில் வந்து நிற்கும், ஏறிப் போவாள். பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது. மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது என்று மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே இன்னொரு பூச்சுப் போட்டு ஓடு பதித்துவிடலாம், ஆள் அனுப்புகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வேணாம் மாமா" என்பாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

என் மகன் பிரவீனுக்குப் பத்து வயது. தமிழ் புரியும், பேச மாட்டான். சித்தப்பா என்றால் அவனுக்கு ஒரு போட்டோ. சனிக்கிழமை நான் ஜிம்முக்கு உதவாமல் உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்ன ஆச்சு என்று அவன் பாஷையில் கேட்டான். உன் சித்தப்பா இந்த மாதிரி ஒரு நாளில்தான் இடி விழுந்து செத்துப்போனான் என்றேன். அவன் பள்ளிக்கூடத்தில் இடியைப் பற்றிப் பாடமே நடத்துகிறார்கள். சத்தம் கேட்டால் உள்ளே போ என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள்.

"உள்ளே போகச் சொல்லி அவரிடம் யாருமே சொல்லவில்லையா?" என்றான்.

"சொன்னேன். நான்தான் சொன்னேன்."

"பிறகு ஏன் அவர் வரவில்லை?"

ஒருத்தன் பிடிக்க வேண்டிய முனையையும் சேர்த்து அவன் பிடிக்க வேண்டியிருந்தது என்று இந்தப் பையனுக்கு எந்த பாஷையில் சொல்வது? அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "நீங்கள் செய்தது சரி. அவர்தான் விதியை மீறினார்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அவனை அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

7

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செல்விக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஏழரை. வீட்டுக்குள் பேச முடியாமல், கார்ட்லெஸ் போனோடு பின்வாசல் படியில் நின்றுகொண்டேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"சொல்லுங்க மாமா. நல்லா கீறீங்களா?"

"நல்லா கீறேம்மா. இன்னிக்குப் படையல் போட்டியா?"

"போட்டேன். அவருக்குப் புடிச்ச மாதிரி கருவாட்டுக் கொழம்பு. பாப்பா, அப்பாவுக்கு முள்ளு எடுத்து வெக்கணும்னு ஒரே அடம். உக்காந்து எடுத்து வெக்குது."

வழக்கமாக இந்த இடத்தில்தான் போனை வைப்பேன். தூரத்தில் ஒரு தடவை உறுமியது.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் கல்லு எடுக்க எறங்கல."

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள்.

"பயந்துகினுதான் எறங்கினேன். அவன் புடின்னு சொன்னான். உட்டுட்டு எறங்கிட்டேன்."

"தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"கல்லு மேலதான் இருந்துச்சி. பந்தி முடிஞ்சதும் நான்தான் கூடையில தூக்கினு போயி மேக்கால ஓரமா அடுக்கி வெச்சேன். அவருதான் வெக்கச் சொன்னாரு. கீழ ஒரு கல்லு கெடையாது, நீங்க எடுக்கறதுக்கு."

நான் அந்தக் கற்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பேன்.

"நீங்க எறங்கி வந்தப்போ நான் மரத்தாண்ட அண்டா கழுவிகினு இருந்தேன். பாத்தேன்."

"அப்ப ஏம்மா போலீசாண்ட சொல்லல? நாலு வருஷமா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு இன்னா பண்றது?" அவள் குரல் ஏறவே இல்லை. "அவரு பூட்டாரு. நீங்களும் இல்லேன்னு ஆயிட்டா எங்களுக்கு யாரு கீறாங்க? பாப்பாவுக்குப் பெரியப்பான்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா?"

நான் அழுதேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிற யோக்கியதையும் இல்லை. பழைய பேச்சையே எடுத்தேன். தளத்துக்கு மேலே ஓடு பதித்துவிடலாம், ஒழுகாமல் இருக்கும், இந்த மழைக்கு முன்னாடியே ஆள் அனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. நீங்க ரெண்டு பேரும் சேந்து மூடுன பக்கம் ஒழுவறதில்ல. பாப்பாவ அங்கதான் படுக்க வெக்கிறேன். அவரு தனியா நின்ன பக்கம் ஒழுவுது. ஒழுவட்டும். குண்டான் வெச்சிக்கிறேன்."

அப்போது இங்கே மின்னியது. எண்ண ஆரம்பித்தேன். நாலு எண்ணுவதற்குள் இடி. போனில் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னா சத்தம்? அங்க இடி இடிக்குதா?"

"ஆமாம்மா. ரெண்டு நாளா ரேடியோவுல சொல்லிகினே இருந்தான்."

"வெளியவா நிக்கிறீங்க?"

"ஆமா."

பாப்பா ஏதோ கேட்டது. இரு என்று அதனிடம் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"உள்ள போங்க மாமா."

அக்கறையாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. படியில் முதல் தூறல் விழுந்தது.

நான் உள்ளே போனேன்.